மானாவாரியில் குப்பையும் மூட்டை உரமும்: கணக்கு மழையிடம் இருக்கிறது

மானாவாரிச் சோளத்துக்கு எக்டருக்கு 12.5 டன் மக்கிய தொழு உரம் (ஊர்ப்பேச்சில் குப்பை), 40 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 20 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்று பரிந்துரை சொல்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் 5 டன் குப்பை, 16 கிலோ தழை, 8 கிலோ மணி. தழையும் மணியும் கடையில் மூட்டையாகக் கிடைத்துவிடும். குப்பைக்குத்தான் வழியில்லை. ஒரு மாட்டின் ஓராண்டுச் சாணத்தோடு கூளத்தையும் சேர்த்து மக்க வைத்தால் இரண்டு டன் தேறலாம். ஐந்து ஏக்கர் கரிசல் வைத்திருப்பவர் இந்தப் பரிந்துரையை அப்படியே பின்பற்றப் பத்துப் பன்னிரண்டு மாடு கட்டியிருக்க வேண்டும். டிராக்டர் வந்து உழவு மாடு போன ஊர்களில் இது நடக்காது.

அதனால் இரண்டு பழக்கங்கள் வேரூன்றிவிட்டன. ஒரு சாரார் குப்பையை மறந்துவிட்டு விதைப்பன்று ஒரு மூட்டை டிஏபியும் (தழையும் மணியும் சேர்ந்த உரம்) ஒரு மாதத்தில் ஒரு மூட்டை யூரியாவும் வீசுகிறார்கள். இன்னொரு சாரார் மானாவாரிக்கு உரமே வேண்டாம் என்று விதைத்து வருவதை அறுக்கிறார்கள். இரண்டிலும் இழப்பு உண்டு. இருக்கும் கொஞ்சக் குப்பையை எங்கே இடுவது, மூட்டை உரத்தில் எவ்வளவு குறைப்பது, எந்த ஈரத்தில் போடுவது என்று பார்ப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. முக்கிய உதாரணம் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல். செம்மண் நிலக்கடலை பற்றியும் கொஞ்சம்.

இந்தக் கரிசலில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்க்கிறது. புரட்டாசியில் விதைத்த பயிர் மார்கழி, தை மாதங்களில் மண்ணில் தங்கிய ஈரத்தைக் குடித்துத்தான் கதிர் முற்ற வேண்டும். உரத்தைப் பற்றிய எல்லா முடிவும் இந்த ஒரு நிலைமையிலிருந்து கிளம்புகிறது. பாசன வயலில் உரம் போட்டுவிட்டுத் தண்ணீர் கட்டலாம். இங்கே தண்ணீர் வந்தபின் உரத்தைப் போட வேண்டும். வராவிட்டால் போடாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

குப்பை எவ்வளவு சத்துக் கொடுக்கும் என்பதில் இரு பக்கமும் மிகைப்படுத்தல் உண்டு. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம், மணிச்சத்து 0.2 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) அரை சதவீதம் அளவில் இருக்கும். இரண்டு டன்னில் 10 கிலோ தழைச்சத்து. அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்று கிலோ சொச்சம். யூரியாவில் சொன்னால் ஏழு கிலோ. மிச்சம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்ல வரும். “இரண்டு டிப்பர் குப்பை அடித்துவிட்டேன், இனி உரமே தேவையில்லை” என்பவரின் சோளம் முப்பதாம் நாளில் வெளிறி நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

மண்ணின் அங்ககக் கரிமத்தை (மக்கிய பொருளில் உள்ள கார்பனை) உயர்த்துவதும் அப்படியே. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை. கரிமத்தை 0.3 சதவீதத்திலிருந்து 0.4 ஆக்க 900 கிலோ கரிமம் மண்ணில் நிலைத்து நிற்க வேண்டும். இரண்டு டன் ஈரக் குப்பையில் கரிமம் 300 முதல் 400 கிலோ. நம் வெக்கையில் நாலில் ஒரு பங்கு நிலைத்தால் அதிகம். ஆண்டுதோறும் விடாமல் இட்டாலும், ஏற்கெனவே இருக்கும் கரிமம் ஒன்றும் குறையாமல் இருந்தாலும், பத்தாண்டு ஆகும். ஒரே கோடையில் மண்ணை மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

அப்படியானால் குப்பை எதற்கு? மூட்டை உரம் மட்டும் இட்ட நிலம் நாளடைவில் என்ன ஆகிறது என்பதை நீண்டகாலப் பரிசோதனைகள் காட்டுகின்றன. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நாட்டின் மிகப் பழையவற்றுள் ஒன்று. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகத்தின் செம்மண்ணில் மானாவாரிக் கேழ்வரகுக்கு 1978 முதல் ஒரு பரிசோதனை நடந்துவருகிறது. அங்கே பரிந்துரைத்த ரசாயன உரத்தை மட்டும் பெற்ற பாத்தி ஆரம்பத்தில் நல்ல மகசூல் தந்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. தொழு உரத்தோடு ரசாயன உரமும் சேர்ந்த பாத்தி சரியாமல் நின்றது. மழை குறைந்த ஆண்டுகளில் இந்த வித்தியாசம் கூர்மையாகத் தெரிகிறது. குப்பை சேர்ந்த செம்மண் மழைக்குப் பின் பொருக்குக் கட்டுவது குறைகிறது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. துத்தநாகம், போரான், கந்தகம் என யூரியா, டிஏபி மூட்டையில் வராத சத்துகள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. அமில மண்ணில் யூரியா கூட்டும் புளிப்பைக் குப்பை தாங்கிக்கொள்கிறது. மூட்டை பயிரின் உடனடிப் பசியைத் தீர்க்கிறது. அந்தத் தீனி வீணாகாமல் வேருக்குச் சேரும் நிலையில் மண்ணை வைப்பது குப்பையின் வேலை.

எதிர்ப்பக்கம் சரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை அருகிலேயே இருக்கிறது. 2021-இல் ரசாயன உர இறக்குமதியை அங்கே திடீரென நிறுத்தினார்கள். அவ்வளவு நிலத்துக்கும் ஈடான குப்பை நாட்டில் இல்லை. மகசூல் விழ, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள்.

குப்பை குறைவாக இருக்கும்போது அதை நிலம் முழுக்கத் தூவுவது வீண். இரண்டு டன்னை ஏக்கர் முழுக்கப் பரப்பினால் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ விழும். அதில் பெரும்பகுதி பயிர் வரிசைக்கு வெளியே, ஈரம் காயும் மேல்மண்ணில் கிடக்கும். இதற்கு மானாவாரி ஆராய்ச்சியில் கிடைத்த நல்ல விடை, என் கணிப்பில் இருப்பதிலேயே செலவுக்கேற்ற பலன் தருவது, ஊட்டமேற்றிய தொழு உரம். பரிந்துரை எக்டருக்கு 750 கிலோ, அதாவது ஏக்கருக்கு 300 கிலோ. ஒரு மாடு வைத்திருப்பவரும் தயாரிக்கலாம்.

ஏக்கர் சோளத்துக்குத் தேவையான 8 கிலோ மணிச்சத்து சரியாக ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் இருக்கிறது (50 கிலோவில் 16 சதவீதம்). நன்கு மக்கிய குப்பை 300 கிலோவைச் சலித்து, கட்டிகளை உடைத்து, நிழலில் பரப்பி, அதன்மேல் இந்த 50 கிலோ சூப்பரைத் தூவி மண்வெட்டியால் இரண்டு மூன்று முறை புரட்டிக் கலக்க வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே கலக்க வேண்டும். கைப்பிடி அள்ளி இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. பிறகு குவியலாக்கி மேலே சேறு பூசியோ பாலித்தீன் விரிப்பால் மூடியோ 30 நாள் விட வேண்டும். விதைப்பு புரட்டாசி நடுவில் என்றால் ஆவணி நடுவிலேயே குவியல் போட்டு மூடியிருக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான். மழை வாசம் வந்தபின் குப்பையில் சூப்பரைக் கலந்து அன்றே போட்டால் அது வெறும் கலவை.

இதில் நடப்பது இது. கோவில்பட்டிக் கரிசல் சுண்ணாம்பு கலந்தது, கார அமில நிலை (pH) எட்டைத் தாண்டும். நேராக மண்ணில் விழுந்த மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். செம்மண்ணில் அதே வேலையை இரும்பும் அலுமினியமும் செய்கின்றன. குப்பைக்குள் 30 நாள் ஊறிய மணிச்சத்தில் ஒரு பகுதி நுண்ணுயிரிகளின் உடம்பிலும் அங்கக அமிலங்களோடும் சேர்ந்துவிடுகிறது. மண்ணோடு தொடும் பரப்பும் குறைகிறது. அதனால் வேர் வந்து தொடும்வரை பிடிபடாமல் இருக்கிறது. இன்னொரு ஆதாயமும் உண்டு: சூப்பரில் உள்ள அமிலமும் ஜிப்சமும் குப்பையிலிருந்து ஆவியாகும் அம்மோனியாவைப் பிடித்து வைக்கின்றன. சூப்பருக்குப் பதில் டிஏபி கலந்தால் இது கிடைக்காது. டிஏபி காரத்தன்மை கொண்டது. ஈரக் குப்பையில் அதன் தழைச்சத்தே கொஞ்சம் ஆவியாகும். யூரியாவை இந்தக் குவியலில் கலக்கவே கூடாது. மூடியைத் திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி அடித்தால், காசு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்களை (பயிருக்கு உதவும் நுண்ணுயிரிகள்) முதல் நாளே கலப்பதும் தவறு. 30 நாள் முடிந்து குவியல் ஆறியபின், விதைப்புக்கு முதல் நாள் ஏக்கருக்கு 800 கிராம் கலந்தால் போதும். விதைக்குப் பூஞ்சணக் கொல்லி கலந்திருந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டே உயிர் உரம் சேர்க்க வேண்டும்.

தயாரான உரத்தை விதைச்சாலில் இட வேண்டும். சோளத்துக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளி வைத்தால் ஏக்கரில் மொத்தச் சால் நீளம் ஏறத்தாழ 9,000 மீட்டர். 350 கிலோவைப் பகிர்ந்தால் மீட்டருக்கு 40 கிராம், ஈரத்தின் எடையும் சேர்ந்தால் இன்னும் சற்று கூட. பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் முதல் மூன்று வாரத்தில் வேர் போகும் பாதையே அந்தச் சால்தான். டிராக்டர் விதைப்புக் கருவியில் இடுவதானால் நிழலில் உலர்த்தி, நன்றாகச் சலித்திருக்க வேண்டும்; ஈரமாகவோ கட்டியாகவோ இருந்தால் குழாய் அடைத்து, பத்து மீட்டருக்கு உரமே விழாமல் கருவி ஓடியிருக்கும், முளைத்த பிறகே தெரியும். ஏர் அல்லது கலப்பை பின்னால் கையால் இடுவது மெதுவான வேலை, தவறு குறைவு.

இனித் தழைச்சத்து. ஏக்கர் சோளத்துக்கு 16 கிலோ என்றால் 35 கிலோ யூரியா. நிலத்தில் கோடையில் இரண்டு டன் குப்பையும் இட்டிருந்தால் முன்பு கண்ட ஏழு கிலோவைக் கழித்து 28 கிலோ. இதை இரண்டாகப் பிரித்து, விதைப்பில் 14 கிலோ அடியுரம், பயிர் வளர்ந்தபின் 14 கிலோ மேலுரம். மொத்தத்தையும் விதைப்பன்றே கொட்டிவிடும் பழக்கத்தில் இரண்டு ஆபத்துகள்.

முதல் ஆபத்து விதைக்கு. யூரியாவும் டிஏபியும் விதையோடு ஒரே சாலில் ஒட்டி விழுந்தால், ஈரம் குறைவான மண்ணில் அவற்றின் உப்புச் செறிவும் அம்மோனியாவும் முளைக்குருத்தைக் கருக்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இது தெரியாது, அதனால்தான் பழக்கம் தொடர்கிறது. ஈரம் பற்றாத ஆண்டில் திட்டுத்திட்டாக முளைப்பு இராது. பழி விதைக்குப் போகும். உரம் விதைக்குப் பக்கவாட்டில் இரண்டு அங்குலம், கீழே இரண்டு அங்குலம் தள்ளி விழ வேண்டும். ஊட்டமேற்றிய குப்பைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, விதையோடே கிடக்கலாம்.

இரண்டாவது ஆபத்து தை மாதத்தில் வருகிறது. அதிகத் தழைச்சத்தை ஆரம்பத்திலேயே உண்ட பயிர் கார்த்திகையில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அகன்ற இலை, தடித்த தண்டு. அவ்வளவு இலையும் மண்ணின் ஈரத்தை வேகமாக இழுத்து வெளியேற்றும். மழை நின்றபின் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அடிமண் ஈரம் தீர்ந்திருக்கும். தட்டை மிகுதி, தானியம் சப்பை. பக்கத்து வயலில் உரமே இடாத சோளம் அதைவிடக் கூடுதல் தானியம் தருவதும் உண்டு. மானாவாரிக்கு உரம் ஆகாது என்ற பேச்சு ஊரில் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சில் பாதி உண்மை இருக்கிறது: தவறு உரத்தில் இல்லை, அளவிலும் நாளிலும் இருக்கிறது.

மேலுரத்துக்கு நாள் குறிக்கக்கூடாது, ஈரம் குறிக்க வேண்டும். விதைத்த 25 முதல் 35 நாளுக்குள் ஒரு நல்ல மழை பெய்து, நீர் வடிந்து, கால் ஒட்டாத பதம் வந்ததும், களைக்கொத்து ஓட்டும் அன்றே வரிசையோரம் யூரியாவை இட்டு மண்ணால் மூட வேண்டும். நடுவிரல் நீளம் தோண்டிப் பார்த்தால் அதுவரை ஈரம் இருக்க வேண்டும். மேலே மட்டும் நனைத்த தூறலை நம்பிப் போடுவதுதான் மிக மோசம். யூரியா கரைவதற்கு அந்த ஈரம் போதும், உள்ளே இறங்கப் போதாது. காரத்தன்மையுள்ள கரிசலின் மேல்பரப்பில் சில நாளில் அம்மோனியாவாகிப் போய்விடும். காய்ந்த புழுதியில் கிடக்கும் யூரியாவுக்குக்கூட இவ்வளவு சேதமில்லை. வேப்பெண்ணெய் பூசிய யூரியா என்பதால் இது தடைபடாது. அந்தப் பூச்சு தாமதப்படுத்துவது நைட்ரேட்டாக மாறுவதை, ஆவியாவதை அல்ல.

புயல் சின்னம் அறிவித்திருக்கும்போது அவசரமாக வீசுவது இன்னொரு வழக்கம். கரிசலில் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினால் நைட்ரேட் வாயுவாக மாறிப் போகும். செம்மண்ணில் வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போகும். பெருமழை முடிந்து பயிர் மஞ்சளித்த பின் போடும் பத்துக் கிலோ, அதற்கு முன் போட்ட இருபதைவிட வேலை செய்யும்.

முப்பத்தைந்து நாள் கடந்தும் மழை இல்லை என்றால் அந்த 14 கிலோ யூரியா மூட்டையிலேயே இருக்கட்டும். காய்ந்த பயிருக்கு உரம் வைத்தால் மழை வரும்போது எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இடைவறட்சியில் இலைவழியாக 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு தெளிப்பது தாங்கும் திறனைக் கொஞ்சம் கூட்டும். மழை திரும்பியபின் 2 சதவீத யூரியாக் கரைசல், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம், பயிரைத் தேற்றும். இலை வாடித் தொங்கும் மதியத்தில் தெளித்தால் நுனி கருகும். பஞ்சகவ்யம் தெளிப்பவர்கள் தெளிக்கலாம், வளர்ச்சியூக்கியாக அதற்குப் பலன் உண்டு. ஆனால் தழைச்சத்துக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. நானோ யூரியாவுக்கும் இதே பதில்: 2021-இல் முதலில் வந்த 4 சதவீத வகையில் அரை லிட்டர் புட்டிக்குள் இருந்தது 20 கிராம் தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கும் மேல்.

மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் கரிசல்காரர்களுக்கு ஒரு மாற்றம். சாலில் ஊட்டமேற்றிய குப்பை மட்டும்; அது இரண்டு வாரம் காய்ந்து கிடந்தாலும் கெடுதல் இல்லை. அடியுர யூரியாவைத் தவிர்த்து, முளைத்து வரிசை தெரிந்தபின் முழுத் தழைச்சத்தையும் இரண்டு தவணையில் ஈரம் பார்த்து இட வேண்டும். உயிர் உரத்தையும் சூடான புழுதியில் போட்டுச் சாகடிக்காமல், முதல் களையெடுப்பு ஈரத்தில் 10 கிலோ பொடிக் குப்பையில் கலந்து வரிசையில் இடலாம்.

மக்காச்சோளம் இந்த வட்டாரத்தில் சோளத்தையும் கம்பையும் தள்ளிவிட்டுப் பரவியிருக்கிறது. அதன் பசி பெரிது. இளங்குருத்து வெளுத்துப் போகும் துத்தநாகக் குறை சுண்ணாம்புக் கரிசலில் சாதாரணம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போதும். ஆனால் அதைச் சூப்பர் கலந்த குப்பைக் குவியலிலோ டிஏபியோடோ சேர்த்தால் துத்தநாகமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் பயிருக்கு எட்டாமல் போகும். 20 கிலோ மணலில் கலந்து, தனியாக, விதைப்புக்கு முன் தூவ வேண்டும். வேறு குப்பையில் கலந்து ஊறவைத்தும் இடலாம், அதில் சூப்பர் இருக்கக்கூடாது, அவ்வளவே.

திருவண்ணாமலை, விழுப்புரம், நாமக்கல் பக்கச் செம்மண்ணில் மானாவாரி நிலக்கடலைக்குக் கணக்கு தலைகீழ். எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் 10:10:45 கிலோ. ஏக்கருக்கு 9 கிலோ யூரியா, 25 கிலோ சூப்பர், 30 கிலோ பொட்டாஷ். தழைச்சத்தை வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். யூரியாவைக் கூட்டினால் வேர்முடிச்சு குறைந்து கொடி மட்டும் ஓடும். கரிசலில் இயல்பாக இருக்கும் சாம்பல் சத்து இங்கே இல்லாததால் பொட்டாஷை விடமுடியாது. ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ. கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாகப் பெறாமல் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சுகிறது. ஆகவே காயாக மாறும் விழுது மண்ணில் இறங்கும் இடத்தில் ஜிப்சமும் ஈரமும் ஒன்றாக இருக்க வேண்டும். மானாவாரியில் 40 முதல் 75 நாளுக்குள் எப்போது ஈரம் வாய்க்கிறதோ அப்போது செடியோரம் இட்டு மண் அணைக்க வேண்டும். தவறினால் பொக்குக் காய். இந்த மண்ணில் குப்பை இடுவதில் கடலைக்கு ஒரு எச்சரிக்கை: அரைகுறையாக மக்கிய குப்பை வேர்ப்புழுவையும் கரையானையும் கூட்டிவரும். கையில் எடுத்தால் சாண நாற்றமின்றி மண்வாசம் அடிக்க வேண்டும், வைக்கோல் தும்பு தெரியக்கூடாது.

மக்காத குப்பையால் வரும் கேடு புழுவோடு நிற்பதில்லை. கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் முப்பதுக்கு மேலிருந்தால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிரிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி. மக்கிய தொழு உரத்தில் விகிதம் பதினைந்து, இருபது; சோளத்தட்டை, மக்காச்சோளத்தட்டையில் அறுபதைத் தாண்டும்; மக்காத தென்னைநார்க் கழிவில் நூறுக்கும் மேல். தட்டையை மடக்கி உழுவது நல்லதுதான். தை அறுவடை முடிந்து, கோடை மழைக்கு முன் உழுதால் ஆவணிக்குள் மக்கும். விதைப்புக்கு முந்திய வாரம் உழுதால் முளைத்த பயிர் மஞ்சளிக்கும்.

நிலத்தில் குப்பை அடிக்கும் முறையிலும் இழப்பு. டிப்பர் கொண்டுவந்து ஏழு மீட்டர் இடைவெளியில் 25 கிலோக் குவியலாக எண்பது குவியல் வைப்பார்கள். சித்திரை வெயிலில் ஒரு மாதம் கிடக்கும். அம்மோனியா போய்விடும், மழை பெய்தால் குவியலுக்கு அடியில் மட்டும் சத்து இறங்கி அந்த இடத்தில் பயிர் கருகருவென்று வட்டமாக நிற்கும். கொண்டுவந்த அன்றோ மறுநாளோ பரப்பி உழுவதற்கு ஆள் ஏற்பாடு இல்லை என்றால் களத்திலேயே பெரிய குவியலாக மூடி வைத்திருப்பது மேல்.

வெளியிலிருந்து வரும் இயற்கை உரங்களில் ஆட்டுக்கிடைக்கு (இரவில் மந்தையை வயலில் அடைப்பது) ஈடில்லை. ஆட்டு எருவில் தழைச்சத்து மாட்டு எருவைவிடக் கூடுதல். ஆடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் இருக்கிறது, அதுவும் நேராக மண்ணில் விழுகிறது. கிடையை நகர்த்தியதும் மேலாக ஓர் உழவு ஓட்டாவிட்டால் அந்தப் பாதி போய்விடும். கிடை போட்ட நிலத்தில் சீமைக்கருவேல் கன்று முளைப்பதும் உண்டு. நெற்று தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாவதில்லை, முளைப்புத்தான் கூடும். நெற்று உதிரும் காலத்தில் கிடை போட்டால் முதல் மழையிலேயே கன்றைப் பிடுங்கிவிட வேண்டும். கண்மாய் வண்டல் செம்மண்ணுக்கும் மணற்சாரிக்கும் அருமையான திருத்தம், சத்தைவிட ஈரம் பிடிக்கும் களிக்காக. களி நிறைந்த கரிசலுக்கு அதை அடிப்பது வண்டி வாடகைக்குக் கேடு. கோழி எருவில் தழையும் மணியும் கூடுதல், புதிதாக இட்டால் சுடும். ஒன்றரை இரண்டு மாதம் மக்க வைக்க வேண்டும்.

உளுந்து, பாசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏக்கருக்கு 5 கிலோ தழை, 10 கிலோ மணி, 5 கிலோ சாம்பல் சத்து, 4 கிலோ கந்தகம். மணிச்சத்தை 60 கிலோ சூப்பராகக் குப்பையில் ஊட்டமேற்றி இட்டால் கந்தகமும் அதிலேயே வந்துவிடும். பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல்: 4 கிலோவை முதல் நாள் மாலை 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைக்கும்.

மழை பொய்த்துப் பயிர் கருகிய ஆண்டின் உரம் என்ன ஆகிறது என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மணிச்சத்து எங்கும் போகாது, மண்ணில் இருக்கும். கரிசலில் தழைச்சத்தும் பெருமழை கழுவாதவரை நைட்ரேட்டாக ஓரளவு தங்கும். அடுத்த பருவத்தில் அடியுர யூரியாவை விட்டுவிட்டுப் பயிரின் நிறம் பார்த்து மேலுரம் மட்டும் இடலாம். குப்பையின் மிச்சமும் அப்படியே. தொடர்ந்து டிஏபி இட்ட நிலங்களில் மணிச்சத்து ஏறியிருக்கிறது. மண் பரிசோதனையில் எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் கிடைக்கும் மணிச்சத்து காட்டினால் சூப்பரைப் பாதியாக்கலாம். 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைக்கக்கூடாது. சாம்பல் சத்துக்கு இதே எல்லைகள் 280, 118.

அந்த எண்ணை நம்ப மாதிரி சரியாக எடுத்திருக்க வேண்டும். சாலில் குப்பை இட்ட நிலத்தில் பழைய வரிசையிலேயே மண் எடுத்தால் மணிச்சத்து பொய்யாக உயர்ந்து வரும். இரு வரிசைக்கு நடுவில் மட்டும் எடுத்தால் தாழ்ந்து வரும். கோடை உழவு முடிந்து மண் கலந்தபின், குப்பை குவித்திருந்த இடம், கிடை கிடந்த மூலை, வரப்போரம், மரநிழல் இவற்றை விட்டு, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டிச் சுவரோரமாகச் சீவி எடுத்து, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும். முடிவு ஆவணிக்கு முன் கையில் இருந்தால்தான் குவியலில் எத்தனை கிலோ சூப்பர் கலப்பது என்று தீர்மானிக்க முடியும்.